பச்சையில் நிற்கும் முள்

தீயணைப்பு சிலிண்டரின் பின்னை உருவிக் கைப்பிடியை அழுத்தினேன். ஸ்ஸ் என்று காற்று மட்டும் வந்தது. கூடவே மஞ்சளாகக் கொஞ்சம் தூசி, பல்பொடி டப்பாவைத் தட்டினால் வருகிற அளவுக்கு. முன்னால் இரும்புத் தட்டில் டீசல் ஊற்றிப் பற்றவைத்த தீ என்னைச் சட்டை செய்யாமல் எரிந்துகொண்டிருந்தது. விளாங்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், காலை பத்து மணி. ஆடி மாதம் முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் சும்மா கிடந்தது, அதனால்தான் இந்தப் பயிற்சியை இப்போது வைத்திருந்தார்கள். சமையல்காரர்கள், எலக்ட்ரீஷியன், கூட்டிப் பெருக்கும் பெண்கள் என்று பதினைந்து பேர் அரைவட்டமாக நின்று, தீயை அணைப்பது எப்படி என்று என்னிடம் கற்றுக்கொள்ளக் காத்திருந்தார்கள். மறுபடியும் அழுத்தினேன். இந்த முறை காற்றும் இல்லை.

"அண்ணே, வாயால ஊதுனாக்கூட இதவிட நல்லா அணையும் போலயே" என்றார் ஒரு சமையல்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்தொன்பது வருஷமாகத் தீயணைப்பு சிலிண்டர்களோடு மாரடிக்கிறவனுக்கு இந்த மாதிரிச் சிரிப்பு தானாக வரும். "வேல செய்யாத சிலிண்டர் எப்படி இருக்கும்னு மொதல்ல காட்டணும்ல? அதுக்குத்தான் இது" என்று சொல்லிவிட்டு, பைக்கில் கொண்டு வந்திருந்த இன்னொன்றை எடுத்து அடித்தேன். வெள்ளை மேகமாகப் பவுடர் பாய்ந்தது, தீ இருந்த இடம் தெரியவில்லை. கைதட்டினார்கள். மண்டபத்து மேனேஜர் மட்டும் பக்கத்தில் வந்து, "மொதல்ல அடிச்சது நம்ம கிச்சன்ல மாட்டியிருந்ததுதான?" என்று கேட்டார். "ஆமா சார், அத மாத்திக் குடுக்கத்தான் எடுத்தேன்" என்றேன். பொய் சொல்லக் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. அவர் நம்பிவிட்டார். நம்பாமல் என்ன செய்வார், நான்தானே இதில் விவரம் தெரிந்தவன்.

வெறும் சிலிண்டரைத் தூக்கிப் பைக்கில் கட்டும்போதுதான் லேபிளைப் பார்த்தேன். தை மாதத் தேதி. 'டாப் அப்' என்ற கட்டத்தில் டிக். அதன் கீழே 'பவுடர் நிலை: நன்று'. அதற்கும் கீழே என் கையெழுத்து, த. தமிழ்மாறன் என்று முழுசாக.

எங்கள் லேபிளில் இரண்டு கட்டங்கள் உண்டு, ரீஃபில், டாப் அப். கடைக்கு வருகிற முக்கால்வாசிப் பேருக்கு இரண்டும் ஒன்றுதான். "ஏதோ ஒண்ணு நிரப்பிக் குடுங்க" என்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். கிளாஸில் பாதி ஆறிப்போன டீ இருக்கிறது, அதன்மேல் சூடான டீயை ஊற்றினால் அது டாப் அப். ஆறியதைக் கொட்டிவிட்டு, கிளாஸைக் கழுவி, புது டீ பிடித்தால் அது ரீஃபில். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேனோ கணக்கில்லை. சிலிண்டரில் பவுடர் உதிரியாக இருந்து காற்று மட்டும் குறைந்திருந்தால் நைட்ரஜனை ஏற்றிவிட்டால் போதும், மேலே இருக்கும் அழுத்த மீட்டரின் முள் பச்சைக்கு வந்துவிடும். பவுடர் கட்டி தட்டியிருந்தால் எல்லாவற்றையும் கொட்டித் துடைத்துப் புதுசு போட வேண்டும். ஆனால் கட்டி தட்டிய சிலிண்டரிலும் நைட்ரஜனை ஏற்றினால் முள் பச்சையில்தான் நிற்கும். உள்ளே கல் இருக்கிறதா பவுடர் இருக்கிறதா என்று முள்ளுக்குத் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்கத்தான் நான். ஒவ்வொரு சிலிண்டரையும் திறந்து பார்க்க வேண்டும் என்றுதான் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். சில நாள் நாற்பதுகூட வந்து நிற்கும், யார் திறப்பது? எங்கள் கடையில் வேறு முறை. சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பாகத்தில் காதை வைத்து, ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் ஒரு தட்டு. உதிரிப் பவுடர் என்றால் உள்ளே சொர்ர் என்று சரியும். பாதி கட்டி என்றால் தொப் என்று ஒரு சத்தம், அப்புறம் சரிவு. முழுக்கக் கட்டி என்றால் ஒன்றுமே கேட்காது. இந்த வித்தியாசம் என் வலது காதுக்குத் தெரிகிற மாதிரி மதுரையில் வேறு யாருக்கும் தெரியாது என்று முதலாளி விருமாண்டி அண்ணன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். கடையில் மற்ற ஆட்கள் என்னைக் காதண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிதான், ஆனாலும் எனக்குப் பிடிக்கும்.

கடைக்கு வந்ததும் சிலிண்டரை நேராகப் பின்பக்கப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். கவிழ்த்துக் காதை வைத்துத் தட்டினேன். சொர்ர் என்று கேட்டது. அப்பாடா என்று இருந்தது. பவுடர் நன்றாகத்தான் இருக்கிறது, வால்வில்தான் அடைப்பு, அதற்கு நான் பொறுப்பில்லை. நிம்மதியாக வால்வைக் கழற்றினேன். உள்குழாய் வெளியே வரவில்லை. வைஸில் பிடித்து இழுத்த பிறகு வந்தது. அது நின்ற இடத்தில் ஒரு துளை, அதைச் சுற்றிப் பவுடர் சிமென்ட் போல இறுகிக் கிடந்தது. ஸ்குரூ டிரைவரால் குத்தினேன். சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது.

அப்படியானால் சரிந்தது எது? திறந்த சிலிண்டரை மறுபடி கவிழ்த்துக் காதை வைத்தேன். சொர்ர். சுத்தியலால் தட்டவே இல்லை, அப்போதும் சொர்ர். காதை எடுத்தேன். நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த மரப்பெஞ்சில் காதை வைத்தேன். பெஞ்சுக்குள்ளும் பவுடர் சரிந்தது. எழுந்து போய்ச் சுவரில் வைத்தேன். சுவருக்குள்ளும் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது.

"என்னடா மாறா, பக்கத்துக் கடையில என்ன பேசுறாங்கன்னு ஒட்டுக்கேக்குறியா?" விருமாண்டி அண்ணன் வாசலில் நின்றிருந்தார், கையில் போன்.

"இல்லண்ணே, சும்மா."

போன ஐப்பசியில் நைட்ரஜன் ஹோஸ் ஒன்று இணைப்பிலிருந்து பிய்த்துக்கொண்டு என் வலது காதுக்குப் பக்கத்தில் வெடித்தது. மூன்று நாள் மணி அடித்தது. பிறகு அது குறைந்து, குழாயைச் சரியாக மூடாமல் விட்ட மாதிரி ஒரு சத்தமாக ஆனது. வீட்டில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பாத்ரூம் குழாயை மூடு என்று என் மனைவி பாண்டிச்செல்வியிடம் எரிந்து விழுந்தேன். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கொழாயே தொறக்கல, தண்ணியே வரல இன்னைக்கு" என்றாள். இரண்டு மாதத்தில் அது பழகிவிட்டது, மின்விசிறிச் சத்தம் பழகுகிற மாதிரி. அவள் மட்டும், "டிவிய எம்புட்டுச் சத்தமாத்தான் வப்பீங்க" என்று முணுமுணுப்பாள். டிவி பழசாகிவிட்டது என்று சொல்லி வைத்திருந்தேன். டாக்டரிடம் போகவில்லை. போனால் காது போச்சு என்று எழுதிக் கொடுத்துவிடுவாரே என்ற பயம்தான், வேறு என்ன. இடது காதை நம்ப முடியாது. இத்தனை வருஷம் கம்ப்ரசர் பக்கமாக இருந்து அது எப்போதோ மந்தமாகிவிட்டது.

ஆக ஐப்பசியிலிருந்து இந்த ஆடி வரைக்கும் எந்தச் சிலிண்டரில் காதை வைத்தாலும் அது நன்றாக இருக்கிறது என்றுதான் எனக்குச் சொல்லியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் டாப் அப். எல்லாவற்றுக்கும் நன்று. எல்லாவற்றிலும் முள் பச்சையில்.

அண்ணனிடம் மண்டபத்துச் சிலிண்டரைக் காட்டினேன். குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "அம்புட்டும் கட்டியா போச்சே. சரி விடு, ரீஃபில் பண்ணிக் கொண்டுபோய் மாட்டிட்டு வந்துரு. பத்தொம்பது வருசத்துல ஒன் காதுக்குத் தப்புனது இது ஒண்ணுதான்." என் தோளில் தட்டிவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊரில், அண்ணனின் சொந்தக்காரர்கள் வயலில்தான் என் அப்பா கூலிக்கு நின்றார். அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு, 'டேய்'தான். இங்கே வாடிக்கையாளர் முன்னால் அண்ணன் என்னை அழைத்து, "எங்க மாறன் காது வச்சுட்டா முடிஞ்சுச்சு, மறுபேச்சே இல்ல" என்பார். எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறார். காது இல்லையென்றால் நான் சிலிண்டர் தூக்குகிற ஆள். தூக்குவதற்கு என்னைவிட நல்ல முதுகு உள்ளவர்கள் வேண்டிய மட்டும் இருக்கிறார்கள்.

உட்கார முடியவில்லை. டீக்கடைக்குப் போய் டீ சொல்லி, அது வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். மதியச் சாப்பாட்டைத் திறந்து மூடினேன். ஒன்பது மாதத்தில் ஆயிரம் சிலிண்டருக்குக் குறையாது. அச்சகம், டியூஷன் சென்டர், துணிக்கடை, அரிசி ஆலை என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அரிசி ஆலையில் ஆட்கள் வெளியே ஓடிவிடுவார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். துணிக்கடையில் வாசல் பெரியது. அப்புறம் கே.கே. நகர் ஆஸ்பத்திரி வந்தது. குழந்தைகள் ஆஸ்பத்திரி, மூன்று மாடி, பதினான்கு சிலிண்டர். இரண்டாவது மாடியில் கண்ணாடி அறைக்குள், மாதம் நிறையாமல் பிறந்ததுகளைச் சூடு கொடுக்கும் படுக்கைகளில் வரிசையாகப் போட்டிருப்பார்கள். மாசி மாதம் நான் அந்த அறை வாசலிலேயே காதை வைத்துத் தட்டிப் பார்த்து, "பவுடரு நேத்துப் போட்டது மாதிரி இருக்கு சிஸ்டர், ரீஃபில் எதுக்கு வீணா, டாப் அப் போதும்" என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். அந்தக் குழந்தைகள் எங்கே ஓடும்?

சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன். எங்கே என்று அண்ணன் கேட்டதற்கு, மண்டபத்துக்கு என்று கையைக் காட்டினேன். திண்டுக்கல் சாலையில் எனக்குப் பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்ததே தெரியவில்லை. கண்டக்டர் படியில் தொங்கியபடி திட்டிக்கொண்டு போனதைப் பார்த்துத்தான் தெரிந்தது. கோரிப்பாளையம் சிக்னலில் நின்றபோது, திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அடுத்த மாசியில் எப்படியும் சர்வீஸ் வரும், அப்போது சத்தம் இல்லாமல் எல்லாவற்றையும் ரீஃபில் என்று போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. நடுவில் ஏழு மாதம்தான். ஏழு மாதத்தில் ஒன்றும் ஆகாது. பின்னால் நின்றவர் என் முதுகில் தட்டி, கையை நீட்டி, போகச் சொன்னார். பச்சை விழுந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்குப் பொறுப்பு கனகலட்சுமி சிஸ்டர். வாடிப்பட்டிக்காரர், கறாரான ஆள். என்னைப் பார்த்ததும், "என்னண்ணே, அதுக்குள்ள வருசம் முடிஞ்சிருச்சா?" என்றார்.

"இல்ல சிஸ்டர். சும்மா ஒரு செக்கிங்."

இரண்டாவது மாடிப் படிக்கட்டுப் பக்கம் மாட்டியிருந்த முதல் சிலிண்டரை இறக்கினேன். முள் பச்சையில் அழகாக நின்றது. கவிழ்த்து, பழக்க தோஷத்தில் என் காதைத்தான் முதலில் வைத்தேன். சொர்ர். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். "சிஸ்டர், ஒரு ஒதவி. நீங்க இதுல காது வச்சு என்ன கேக்குதுன்னு சொல்லணும்."

"நானா? ஒங்க கம்பெனிலயே காதுக்குப் பேர்போனவரு நீங்கதானண்ணே?"

"வச்சுத்தான் பாருங்களேன்."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு குனிந்து காதை வைத்தார். நான் தட்டினேன். அவர் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை தட்டினேன்.

"ஒண்ணும் கேக்கலையே. நீங்க தட்டுற சத்தம்தான் கேக்குது."

"உள்ள மணல் சரியிற மாதிரி?"

"இல்லண்ணே. எதுவுமே இல்ல."

சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நர்ஸ்கள் பார்க்கிற பார்வை அது, ஆளை முழுசாக எடை போடும். எனக்கு அதற்குமேல் முடியவில்லை. "எனக்குக் காது போயிருச்சு சிஸ்டர்" என்றேன். "ஐப்பசில இருந்து. மாசில இங்க வந்து நான் பாத்தது எதுவும் பாத்ததாவே ஆகாது. இதுக்குள்ள இருக்கிறது கல்லு. தீப்பிடிச்சா வேல செய்யாது."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் திரும்பிக் கண்ணாடி அறையைப் பார்த்தார். உள்ளே ஒரு நர்ஸ் குனிந்து ஏதோ ஒரு படுக்கையில் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "அப்ப இந்த அஞ்சு மாசமா எங்ககிட்ட எதுவுமே இல்லாமத்தான் இருந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். மெதுவாகக் கேட்டதால் எனக்கு அது விழவில்லை, மறுபடி கேட்கச் சொன்னேன். சத்தமாக ஒருமுறை கேட்டார். தலையாட்டினேன்.

"எல்லாமேவா?"

"தெரியல. ஒவ்வொண்ணாப் பாத்தாத்தான் தெரியும். நீங்கதான் கேட்டுச் சொல்லணும்."

அதற்கு முன்னால் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் கேட்கும் என்பதால் வராண்டா முழுக்கக் கேட்டது. "அண்ணே, கே.கே. நகர் ஆஸ்பத்திரிக்குப் பதினாலு ஸ்பேர் சிலிண்டர் இப்பவே அனுப்புங்க."

"எதுக்குடா? நீ மண்டபத்துக்குல்ல போன?"

"என் காது போச்சுண்ணே. அந்த ஹோஸ் வெடிச்சதுல இருந்தே. மண்டபத்துது மட்டும் இல்ல. ஐப்பசில இருந்து நான் டாப் அப்னு எழுதுனது எல்லாத்தையும் திருப்பிப் பாக்கணும்."

போனில் வேறு யாரோ பேசுகிற சத்தம் கேட்டது. கடையில் ஆட்கள் இருந்திருக்க வேண்டும். "சுத்தி யாரு இருக்கா அங்க?" என்றார் அண்ணன்.

"சிஸ்டர் இருக்காங்க."

"அவங்ககிட்டயும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எங்கிட்ட மொதல்ல சொல்லணும்னு ஒனக்குத் தோணலல்ல. காலையில பக்கத்துலதான்டா நின்னேன்." அவர் குரலில் இருந்தது கோபமா வேறு எதுவுமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பதில் சொல்வதற்குள் போன் கட்டாகிவிட்டது. வண்டியை அனுப்புவாரா, என் கணக்கை முடிப்பாரா, ஒன்றும் தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

பையிலிருந்து மார்க்கரை எடுத்தேன். முதல் லேபிளில் 'நன்று' என்ற வார்த்தையை அடித்து, கையெழுத்தையும் அடித்தேன். ரீஃபில் கட்டத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டேன். அடுத்த சிலிண்டர். சிஸ்டர் குனிந்தார், நான் தட்டினேன், உதட்டைப் பிதுக்கினார், அடித்தேன். கீழ்த்தளத்தில் ஐந்து, அதில் ஒன்றில் தொப் என்று ஏதோ விழுந்ததாகச் சொன்னார். அது பாதிக் கட்டி, அதையும் அடித்தேன். டாக்டரைப் பார்க்க உட்கார்ந்திருந்த தாய்மார்கள், நாங்கள் இரண்டு பேரும் வராண்டாவில் சிலிண்டரோடு என்ன விளையாடுகிறோம் என்று பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டினார்கள். மூன்றாவது மாடிக்குப் போகிற வழியில் சிஸ்டர், தண்ணீர் வாளிகளையும் நனைத்த போர்வைகளையும் இரண்டாவது மாடியில் கொண்டுவந்து வைக்கச் சொல்லி யாருக்கோ உத்தரவு போட்டார். பதின்மூன்று முடிந்தபோது பதின்மூன்றிலும் கோடு விழுந்திருந்தது.

கடைசியாக, கண்ணாடி அறை வாசலில் மாட்டியிருந்தது. வேண்டுமென்றே கடைசிக்கு விட்டிருந்தேன். கொக்கியிலிருந்து எடுக்கும்போது கை வழுக்கியது, சட்டையில் துடைத்துக்கொண்டேன். கவிழ்த்து மடியில் தாங்கிப் பிடித்தேன். மார்க்கரின் மூடியைக் கழற்றி வாயில் கவ்வியிருந்தேன். சிஸ்டர் முட்டி போட்டுக் காதை வைத்தார். தட்டினேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கையைத் தூக்கி, பொறு என்பதுபோல் காட்டினார். என் வலது காதுக்குள் வழக்கம்போல் அந்தச் சொர்ர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த முடிந்தால் நன்றாயிருக்கும் என்று, வாழ்க்கையில் வேறு எதையும் வேண்டாத அளவுக்கு வேண்டினேன்.

"கேக்குதுண்ணே" என்றார்.

"என்ன கேக்குது?"

"ஓடுது. நீங்க சொன்ன மாதிரி மணல் இல்ல. அதவிட மெல்லிசா இருக்கு. மாவு சலிக்கையில கீழ விழுமே, அது மாதிரி. மேல இருந்து கீழ வரைக்கும் ஒண்ணு போல வருது."

"நடுவுல எங்கயும் நிக்கலையே?"

"நிக்கல. சுத்தமா வருது."

மூடியை வாயிலிருந்து எடுத்து மார்க்கரை மூடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு படுக்கையில், உள்ளங்கை அளவு முதுகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சிலிண்டரை நேராக்கி மாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்க வேண்டும், வண்டி வருகிறதா என்று கீழே போய்ப் பார்த்திருக்க வேண்டும். நான் அசையவில்லை.

"இன்னும் ஒரு தடவ தட்டுறேன் சிஸ்டர்" என்றேன். "கேட்டுச் சொல்லுங்க."

"அதான் நல்லாருக்குன்னு சொல்லிட்டேனேண்ணே."

"பரவால்ல. சொல்லுங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மறுபடியும் குனிந்து, இரும்பின்மேல் காதை வைத்தார். நான் சுத்தியலை ஓங்காமல், மெதுவாகத் தட்டிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.